வட்டக்கானல் இறக்கத்தில் இரண்டு பிள்ளைகள்: எதை எடுத்தோம், எதை விட்டோம்

மலைப்பாதைகள் பலவும் ஏறிப்போய் இறங்கி வருபவை. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்குப் போகும் பாதை இதற்கு நேர்மாறு. கால் புதிதாக இருக்கும் காலையில் இறக்கம். களைத்துத் திரும்பும்போது ஏற்றம். போக வர மூன்று கிலோமீட்டர் அளவுதான். ஆனால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மரவேர்கள், மழை தூறினால் வழுக்கும் சேறு, காலடியில் உருளும் கல் எல்லாம் அதில் உண்டு. ஆறு வயதுப் பிள்ளை “இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்கத் தொடங்கும் நேரமும் ஏற்றம் தொடங்கும் நேரமும் ஒன்றாகவே வரும். சின்னப் பிள்ளைகளோடு அங்கே போகிறவர்கள் என்ன சாமான் எடுக்க வேண்டும் என்பதைப் பெருமளவு இந்த ஒரு விஷயமே முடிவு செய்கிறது.

மதுரையைச் சேர்ந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, ஆறு வயது மகள், இருபது மாத மகன். மகள் 18 கிலோ, மகன் பத்தரைக் கிலோ. கணவர் நன்றாக நடப்பார். மனைவிக்கு ஒரு முழங்காலில் பழைய வலி, இறக்கத்தில் எட்டிப்பார்க்கும். அரையாண்டு விடுமுறையில் போவதாகத் திட்டம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓய்ந்திருக்காது. மழை இல்லாத நாளிலும் முற்பகலிலேயே மேகம் பாதையை மூடிவிடும். சாமான் தேர்ந்து கொடுக்கும்படி என்னிடம் கேட்டார்கள். உடன் நானும் நடந்தேன்.

வரும்போதே ஒரு நீண்ட பட்டியல் வைத்திருந்தார்கள். பிள்ளையை முதுகில் சுமக்க உலோகச் சட்டம் வைத்த பெரிய கிட் கேரியர், நீர்புகா ஷூ, இரண்டு ஜோடி ஊன்றுகோல், பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பை, பைனாகுலர், மடக்கு நாற்காலி, இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு வார். எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்து எழுதப்பட்டவை. எல்லாவற்றையும் தூக்கப்போகிற இரண்டு முதுகுகளைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

நான் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான். திரும்பும் ஏற்றம், தூறல், பொடியன் தூங்கிவிட்டான், பெரியவளும் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்போது யார் கையில் என்ன இருக்கும்? நடையின் மிக மோசமான கால் மணி நேரத்தை வைத்துத்தான் பிள்ளைகளுக்கான சாமானை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மற்ற நேரமெல்லாம் எந்தச் சாமானும் போதும்.

முதுகு யாருக்கு

சட்டம் வைத்த கேரியரை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இவ்வகைக் கேரியர் வெறுமனே இரண்டரை முதல் மூன்றரைக் கிலோ வரும். பிள்ளை பத்தரை, அவன் உடுப்பு, தண்ணீர், மாற்றுத்துணி சேர்த்தால் 16 கிலோவைத் தொடும். பெரும்பாலான கேரியர்களில் குழந்தை, சாமான், கேரியர் எல்லாம் சேர்த்து 22 கிலோ அளவில் வரம்பு வைத்திருப்பார்கள், அதற்குள் அடங்கிவிடுகிறது. அப்பா முதுகுக்கும் காற்றுப்போக இடைவெளி கிடைக்கும், பிள்ளைக்கும் உயரத்திலிருந்து நன்றாகத் தெரியும், நிழலுக்குக் கூரைகூட உண்டு. அகலமான, வெயில் அடிக்கும் பாதை என்றால் யோசிக்காமல் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

வட்டக்கானல் பாதைக்கு அது பொருந்தாது என்று நினைத்ததற்குக் காரணங்கள் உண்டு. சட்டக் கேரியரில் பிள்ளையின் தலை அப்பா தலைக்கு மேலே நிற்கும். அப்பா குனியாமல் கடக்கும் கிளை பிள்ளையின் முகத்தில் அடிக்கும். எடையும் உடம்பை விட்டுத் தள்ளி, உயரத்தில் இருக்கும். வேர் இடறித் தடுமாறினால் அந்த எடை ஆளை இழுத்துப் போட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் பத்தரைக் கிலோ மகன் மட்டும்தான் உட்கார முடியும். 18 கிலோ மகளை வைத்தால் வரம்பு கிட்டத்தட்ட முடிந்துவிடும், அவள் உயரத்துக்கு இருக்கையும் போதாது.

துணியாலான, இடுப்புப் பட்டை வைத்த கேரியர் ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. பிள்ளை முதுகோடு ஒட்டி, தாழ்வாக இருப்பான். நடக்க விடும்போது சுருட்டி இடுப்பிலேயே தொங்கவிடலாம். இதில் பல மாதிரிகளுக்கு 20 கிலோ வரை வரம்பு. அப்படியானால், மகனுக்காக வாங்குகிற பொருளே அவசரத்துக்கு மகளையும் தூக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தேன்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. தூக்குகிறவருக்கு வியர்க்கும், அந்த ஈரம் பிள்ளையின் நெஞ்சில் ஏறும். நடக்கிறவர் உடம்பு சூடாக இருக்க, அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை குளிரில் இருப்பான். அப்பாவுக்கு வியர்க்கிறது என்பதற்காகப் பிள்ளையின் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவதை எத்தனையோ பாதைகளில் பார்த்திருக்கிறேன். ஒரே பாதையில் இருவருக்கும் இரண்டு தட்பவெப்பம். அதனால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டு வைத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். கேரியரில் உட்காரும்போது பேன்ட் மேலே ஏறி, கணுக்கால் முதல் முழங்கால் வரை வெளியே தெரியும். தொங்கும் கால்தான் முதலில் சில்லிடும் இடம். முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, மகனுக்கென்றே வாங்கச் சொன்னேன். மலிவான பொருள், அந்தப் பையிலேயே அதிகம் உழைத்ததும் அதுதான்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். தானாக நிமிர்ந்து உட்காராத குழந்தையைச் சட்டக் கேரியரில் வைக்கக் கூடாது. துணிக் கேரியரில் வைக்கும்போதும் தாடை நெஞ்சில் புதையாமல், மூச்சுப் போக இடம் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். பழைய கேரியரை இணையத்தில் வாங்குகிறவர்கள் தயாரிப்பு ஆண்டையும் பார்க்க வேண்டும். 2012 முதல் 2014 வரை தயாரான ஆஸ்ப்ரே போக்கோ கேரியர்கள், கால் விடும் துளை வழியே குழந்தை நழுவக்கூடும் என்று 2016இல் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. இருக்கையில் பொருத்தும் மெத்தை ஒன்றை அந்த நிறுவனம் இலவசமாகத் தந்து சரிசெய்தது. அந்த மெத்தை இல்லாத பழைய ஒன்று இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம்.

பெரியவளின் கால்

அம்மா கேட்டாள்: “அக்கா, ரெண்டு சைஸ் பெருசா எடுத்தா அடுத்த வருஷத்துக்கும் ஆகும்ல?”

பள்ளி ஷூவுக்கு இந்தக் கணக்கு சரி. இறக்கத்துக்கு ஆகாது. பெரிய ஷூவுக்குள் கால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வழுக்கி, விரல்கள் நுனியில் போய் இடிக்கும். இடித்த விரலோடு அவள் ஏற்றம் ஏற மாட்டாள். அப்புறம் 18 கிலோ யாராவது ஒருவர் முதுகில். ஷூ வாங்குவதுகூட அப்பாவின் முதுகைக் காப்பாற்றும் வேலைதான் என்று சொன்னேன்.

ஆறு வயதுப் பிள்ளையிடம் ஷூ சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பயன் இல்லை. நிறம் பிடித்திருந்தால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை (இன்சோல்) வெளியே எடுத்து, தரையில் போட்டு, நடைக்குப் போடப்போகும் அதே சாக்ஸோடு அவளை அதன்மேல் நிற்க வைக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் இருந்தால் போதும். பிறகு ஷூவை மாட்டிச் சரிவில் கீழ்நோக்கி நிற்க வைக்க வேண்டும். கடையில் சரிவுப் பலகை இல்லாவிட்டால் வெளியே வண்டி ஏற்றும் சாய்தளம் போதும். விரல் முன்னால் முட்டுகிறதா, குதிகால் தூக்குகிறதா என்று நாமே கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஷூவை மடக்கிப் பார்த்தால் விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். பெரியவர்களின் பூட்ஸைச் சிறிதாக்கிய மாதிரி விறைப்பாக இருப்பவை பிள்ளைகளுக்கு வேண்டாம். 18 கிலோ எடையால் அந்த அடிப்பாகத்தை மடக்கவே முடியாது.

நீர்புகா ஷூ வேண்டாம் என்றேன். இதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் உண்டு. பனியிலோ புல்வெளிப் பாதையிலோ நாள் முழுக்க நடப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் குட்டையைக் கண்டால் அதற்குள் குதிக்கும் வயது இது. தண்ணீர் மேல்வாய் வழியாக உள்ளே போகும்; போன தண்ணீர் நீர்புகாத ஷூவிலிருந்து வெளியே வராது. வலைத்துணி ஷூ நனையும், ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும். அதோடு இரண்டு ஜோடி உலர்ந்த சாக்ஸ் பையில் இருந்தால் போதும்.

அவர்கள் உறவினர் ஒருவர், வெள்ளகவிப் பிள்ளைகள் வெறுங்காலோடு இந்த மலையை ஏறுகிறார்களே, இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்டார். இதே பாதை டால்பின் மூக்கைத் தாண்டிக் கீழே இறங்கி வெள்ளகவிக்குப் போகிறது. ஊருக்குள் செருப்பு அணியாத வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்துவரும் ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் பாதமும் கணுக்காலும் இந்த வேர்களின் மீதே வளர்ந்தவை. அவர்கள் நடையை நான் வியப்போடுதான் பார்க்கிறேன். டைல்ஸ் தரையில் வளர்ந்த பிள்ளையை ஒரே நாளில் அந்த இடத்தில் நிறுத்த முடியாது. போவதற்கு முன் மூன்று வாரம், ஞாயிறுதோறும் திருப்பரங்குன்றம் பக்கமும் யானைமலை அடிவாரத்திலும் புது ஷூவைப் போட்டு அவளை நடக்கவிட்டார்கள். புது ஷூ காலுக்குப் பழகவும் அது உதவியது.

உடுப்பு

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். மதுரை கடல்மட்டத்துக்கு மேல் நூற்றுச் சொச்சம் மீட்டர். கொடைக்கானல் 2,100க்கு அருகில். மதுரையில் 28 டிகிரி என்றால் அங்கே 15. காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடம்புக்கு அதைவிடக் கீழே. சின்னப் பிள்ளைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். நம்மைவிட வேகமாகச் சூடு இழப்பார்கள்.

பாட்டி மகளுக்கு ஜீன்ஸும் தடித்த பருத்திச் சட்டையும் எடுத்து வைத்திருந்தார். பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நனைந்த ஜீன்ஸ் காய ஒரு பகல் போதாது. விளையாட்டு வகுப்புக்குப் போடும் பாலியஸ்டர் டிராக் பேன்ட், முழுக்கை டி-ஷர்ட், மேலே செயற்கை இழையாலான மெல்லிய குளிர்ச்சட்டை (ஃப்ளீஸ்), பையில் மழை ஜெர்கின் என்று மாற்றினோம். ஜெர்கின் தவிர மற்றதெல்லாம் வீட்டிலேயே இருந்தது. பாட்டி பின்னிய கம்பளிக் குல்லா மகனுக்கு. கடையில் விற்கும் எதைவிடவும் அது காதை நன்றாக மூடியது.

மழைக்கு, தலைவழியே மாட்டும் தளர்வான போர்வை மாதிரியான போன்சோ எடுக்கலாமா என்று கேட்டார்கள். நடக்கும் பிள்ளைக்கு அது கணுக்காலில் சிக்கும், காற்றில் முகத்தை மூடும். தையல்மேல் உள்பக்கம் பட்டை ஒட்டிய, தொப்பி வைத்த ஜெர்கின்தான் மகளுக்கு. தையல் ஒட்டாத ரெயின்கோட் எவ்வளவு விலையானாலும் தோள்பட்டை வழியாக ஒழுகும். அப்பா ஒரு பெரிய போன்சோவைப் போட்டு மகனையும் உள்ளே மூடிக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. முதுகில் இருக்கும் பிள்ளையின் முகம் தெரியாமல் எதையும் மூடக் கூடாது. முன்பக்கம் மாற்றிக்கொண்டால் அப்பாவுக்குத் தன் காலடி தெரியாது. மகனுக்குத் தனியாக மழைச்சட்டை, மழைப் பேன்ட். தூறலுக்கு முன்பே போட்டு உட்கார வைப்பது என்று முடிவாயிற்று.

இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் இருக்கப் பெரியவர்களுக்கு நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ். மகளுக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை. வெளிர்நிற கால்பந்து சாக்ஸை டிராக் பேன்டுக்கு மேலே இழுத்துவிட்டோம். வெளிர் நிறத்தில் ஏறும் அட்டை உடனே தெரியும். துணியில் முடிந்த உப்புப் பொட்டலம் ஒன்று. தோலில் கடித்துக்கொண்டிருக்கும் அட்டையை நகத்தால் ஓரத்திலிருந்து வழித்து எடுத்தால் போதும். அதன் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகும். கழுவி அழுத்திப் பிடித்தால் நிற்கும். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தோம். சாமானில் அடங்காத ஏற்பாடு, ஆனால் அவசியமானது.

மற்றவை சுருக்கமாக. எவர்சில்வர் பாட்டில்களில் இரண்டு லிட்டர் தண்ணீர். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை. பொடி தடவிய இட்லி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். டயப்பரைத் திருப்பி எடுத்துவர மூடி இறுகும் டப்பா. அதைக் காட்டில் புதைப்பது கூடாது. ஓ.ஆர்.எஸ்., பிளாஸ்திரி, மருத்துவர் எழுதித்தந்த காய்ச்சல் மருந்து, நெற்றி விளக்கு. மகள் கழுத்தில் தொங்கவிடாமல் பைப் பட்டையில் தைத்த விசில். வழி தவறினால் ஒரு மரத்தடியில் நின்று மூன்று முறை ஊத வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் பழகிக்கொண்டாள். அவள் பையில் அந்த விசில், ஜெர்கின், மிட்டாய் மட்டும். ஒரு கிலோகூட வராது. ஊன்றுகோல் ஆளுக்கு ஒன்று. இரண்டு கையிலும் கோல் இருந்தால் பிள்ளையைப் பிடிக்கக் கை இருக்காது.

பாதுகாப்பு வாரை மட்டும் வேண்டவே வேண்டாம் என்றேன். டால்பின் மூக்கு பள்ளத்தின் மீது நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பாறை. தடுப்புக் கம்பி கிடையாது. வார் இருந்தால் பிள்ளையைப் பாறைமேல் கூட்டிப்போகலாம் என்ற தைரியம் வரும். அந்தத் தைரியத்தைத் தருகிற பொருளை நான் யாருக்கும் வாங்கித் தர மாட்டேன். பிள்ளைகள் பாறைக்கு முன்னாலேயே நின்றுவிடுவார்கள், பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போய்ப் பார்ப்பார்கள் என்று வீட்டிலேயே பேசி முடித்தோம்.

நடந்தது

காலை எட்டு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். மகன் முதல் பத்து நிமிடம் தானே நடந்தான்; மண்ணில் உட்கார்ந்தான்; எழுப்பியபோது பேன்டில் ஒரு அட்டை. அதற்குப் பிறகு கேரியரில் ஏறித் தூங்கிவிட்டான். மகள் இறக்கத்தை அனுபவித்தாள். வேர்களைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குவதைத் தானாகவே கண்டுபிடித்தாள். விரல் வலி இல்லை. முழங்கால் வலிக்காரி அம்மாவுக்கு ஒற்றைக் கோல் பெரும் துணை.

பாறைக்கு முன்னால் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். கீழே பெரியகுளம் பக்கச் சமவெளி கொஞ்ச நேரம் தெரிந்தது. பத்தேகாலுக்கு மேகம் ஏறி, தூறல் பிடித்தது. மகனுக்கு மழை உடுப்பு மாட்ட நேரம் இருந்தது. துண்டைத் தொட்டுப் பார்த்தால் நனைந்திருந்தது, மாற்றினோம். அவன் நெஞ்சு வெதுவெதுப்பாகவே இருந்தது, பாதம் சில்லிட்டிருந்தது. சாக்ஸும் மாற்றினோம்.

ஏற்றத்தில் பாதி தூரம் வரை மகள் நடந்தாள். பிறகு நாங்கள் பேசிவைத்த மாதிரியே உட்கார்ந்துவிட்டாள். “கால் வரமாட்டேங்குது பெரியம்மா” என்றாள் என்னைப் பார்த்து. ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் பிழியும் அளவு ஈரம். உலர்ந்த ஜோடி மாட்டி, வழியில் இருந்த பெட்டிக்கடையில் லெமன் டீயும் பிரெட் ஆம்லெட்டும் வாங்கி, அரை மணி நேரம் உட்கார்ந்தோம். மகன் அதற்குள் விழித்துவிட்டான். கடைகள் இருக்கும் அந்தப் பகுதியில் பாதை கொஞ்சம் அகலம். அம்மா மகனைக் கையிலும் இடுப்பிலுமாக மாற்றி மாற்றி எடுத்துவர, அப்பா கேரியரில் மகளைப் போட்டுக்கொண்டார். அம்மாவின் பை என் தோளுக்கு வந்தது. கால் மணி நேரம். வெறும் கையால் 18 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஈர மண்ணில் அவரால் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. அதற்குப் பிறகு இறங்கித் தானே நடந்தாள். மேலே வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

நான் உடன் இல்லாமல் அவர்கள் இருவர் மட்டும் போயிருந்தால் அம்மாவின் பை ஒரு பிரச்சினை ஆகியிருக்கும். நாலு கிலோ பையோடு பத்தரைக் கிலோப் பிள்ளையை முழங்கால் வலியில் தூக்க முடியாது. இருவர் மட்டும் என்றால் அந்தப் பையை அப்பா முன்பக்கம் மாட்டிக்கொள்ளும்படி மூன்று கிலோவுக்குள் கொண்டுவர வேண்டும், அல்லது பாறை வரை போகாமல் முதல் கடையிலேயே திரும்ப வேண்டும். இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் நடையைச் சுருக்குவது எந்தச் சாமானையும்விட இலகுவானது, செலவும் இல்லாதது.

பையில் பயன்படாமல் திரும்பியவை: நெற்றி விளக்கு, காய்ச்சல் மருந்து, மகளின் இரண்டாவது ஃப்ளீஸ். முதல் இரண்டும் அடுத்த முறையும் வரும், ஃப்ளீஸ் வேண்டாம். குறைந்தவை: மகனுக்குக் கையுறை இல்லை, தூறலில் விரல்கள் சிவந்துபோயின. சாக்ஸையே கையில் மாட்டிவிட்டோம். அது போதுமானதாக இருந்ததால் கையுறை வாங்க நான் சொல்லவில்லை. அவனுடைய மழைத்தொப்பி அப்பாவின் கழுத்தில் இடித்துப் பின்னால் சரிந்துகொண்டே இருந்தது. தாடைக்குக் கீழே கட்டும் நாடா வைத்த தொப்பியாகப் பார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கில் பெரியது கேரியர். அதற்கடுத்து மகளின் ஷூ, ஜெர்கின். மற்றவை வீட்டில் இருந்தவை, கடன் வாங்கியவை. பட்டியலில் இருந்த சட்டக் கேரியர் ஒன்றின் விலை, கடைசியில் செலவான மொத்தத் தொகையைவிட அதிகம்.

கோடை விடுமுறையில் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டப் பாதையில் நடக்க நினைக்கிறார்கள். அகலமான பாதை, வெயில், கிளைகள் இல்லை. மகன் அப்போது 12 கிலோவை நெருங்கியிருப்பான், மகளும் இன்னும் நன்றாக நடப்பாள். அங்கே சட்டக் கேரியர் பொருந்தக்கூடும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரண்டு நாள் இரவல் வாங்கி, மகனை உட்கார வைத்து, அடுக்குமாடிப் படிகளில் அரை மணி நேரம் ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இடுப்புப் பட்டை எலும்பில் உட்காராமல் எடை தோளில் இறங்கினால், எந்த நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தாலும் அது அப்பாவின் முதுகுக்கானது அல்ல.